பழமொழியும் நீதியும்: தொகுப்பு, திருத்தம், மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது ஒரு பழமொழி. ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பது மற்றொன்று. முன்னது பொறுத்துச் செய் என்கிறது. பின்னது உடனே செய் என்கிறது. இரண்டையும் ஒரே குடும்பத்தார், சில வேளைகளில் ஒரே நாளில், தயக்கமின்றி எடுத்தாளுகின்றனர். இவ்விரண்டுள் எது தமிழரின் அறம் என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. வினா பிழையாக எழுப்பப்பட்டதே அதற்குக் காரணம்.

பழமொழிகள் ஒரு சமூகத்தின் நீதிக் கருவூலம் என்னும் கருத்து பாடநூல்களிலும் தொகுப்பு முன்னுரைகளிலும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. பழமொழிகள் வழியாக மக்கள் நன்மை தீமைகளைப் பேசுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்த நீதி பழமொழித் தொடரினுள்ளேயே உறைகின்றதா, அன்றி அத்தொடரைச் சொல்பவர், கேட்பவர், சொல்லும் சூழல் ஆகியவற்றின் கூட்டுறவால் ஒவ்வொரு முறையும் உருவாகின்றதா என்பது ஆய்தற்குரியது. பின்னதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நீதியைத் தொடருக்குள் நிலைநிறுத்த எடுக்கப்பட்ட முயற்சிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அம்முயற்சி தொகுப்பு வடிவிலும், 20ஆம் நூற்றாண்டில் திருத்த வடிவிலும் நிகழ்ந்தது. இரண்டின் விளைவுகளும் இன்று மொழிபெயர்ப்பாளரின் மேசையில் வந்து சேர்கின்றன.

2. பழைய சான்றுகள்

தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழியை யாப்பின் எழுவகை நிலங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. அதன் இலக்கணத்தைக் கூறுமிடத்தில் நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை முதலிய பண்புகளைச் சுட்டிய பின், பேசுவோர் கருதிய பொருளை முடித்துக் காட்டுவதற்கு ஏதுவாக வருவது முதுமொழி என்கிறது. இவ்வரையறையில் அறம், நீதி, அறிவுரை என்பன இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. ‘ஏது’ என்பது வாதத்தின் உறுப்பு. ஆகவே, ஒருவர் நிறுவ விரும்பும் கருத்துக்குத் துணையாக வரும் கூற்றே முதுமொழி என்பது தொல்காப்பியர் கொள்கை எனலாம்.

அகநானூற்றின் 101ஆம் பாடல் மாமூலனார் இயற்றியது. தோழியை விளித்துப் பேசும் தலைவி, நன்மை செய்த இடத்துத் தீமை விளையாது என்னும் பழமொழி இன்று பொய்த்துவிட்டதோ என்று வினவுவதாக அப்பாடல் தொடங்குகிறது. ‘பழமொழி’ என்னும் சொல்லாட்சிக்குரிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றான இவ்விடத்திலேயே, பழமொழி ஐயத்துக்கு உள்ளாக்கப்படுகிறது. தலைவி அதை நீதியாக ஏற்று அடங்கவில்லை; தன் துயரத்தை அளக்கும் கோலாகக் கொள்கிறாள்.

பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த பழமொழி நானூறு வேறொரு நிலையைக் காட்டுகிறது. முன்றுறை அரையனார் இயற்றிய இந்நூலின் ஒவ்வொரு வெண்பாவும் ஒரு பழமொழியைக் கொண்டு அமைகிறது. பெரும்பாலான வெண்பாக்களில் முற்பகுதி ஓர் ஒழுக்கத்தை அல்லது உலகியல் உண்மையைக் கூற, இறுதியில் பழமொழி வந்து அதற்குச் சான்றாகிறது. நீதியை அரையனார் தம் சொற்களாலேயே கூறுகிறார். பழமொழியை அதனோடு பிணைக்கிறார். பழமொழி தன்னளவில் நீதியைத் தெளிவாகச் சொல்லிவிடுமாயின் வெண்பாவின் முற்பகுதிக்குத் தேவையே இராது. பழமொழிக்குப் புலவர் ஒருவர் நீதி கற்பித்த மிகத் தொன்மையான முறையான முயற்சி என இந்நூலைக் கருதலாம். அவர் தாம் கற்பிப்பதை மறைக்கவில்லை என்பது அதன் சிறப்பு.

3. அகரநிரலில் அடங்கிய பேச்சு

இந்திய மொழிகளின் பழமொழிகள் அச்சில் பெருவாரியாகத் தொகுக்கப்பட்டது 19ஆம் நூற்றாண்டில் ஆகும். தாமஸ் ரோபக் தொகுத்த பாரசீக, இந்துஸ்தானிப் பழமொழிகள் அவர் மறைவுக்குப் பின் 1824-இல் கல்கத்தாவில் வெளிவந்தன. பீட்டர் பெர்சிவல் 1842-இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழித் தொகுப்பொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 1874-இல் சென்னையில் வந்த விரிந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. எர்மன் குண்டர்ட் 1845-இல் ‘பழஞ்சொல் மாலை’ என்னும் மலையாள நூலை வெளியிட்டார். கார் என்பவரின் தெலுங்குத் தொகுப்பான ‘ஆந்திர லோகோக்தி சந்திரிகை’ 1868-இல் வந்தது. பாலனின் இந்துஸ்தானிப் பழமொழி அகராதி, அவர் மறைவுக்குப் பின் டெம்பிள் முதலியோரால் செப்பம் செய்யப்பெற்று 1886-இல் வெளிவந்தது. தமிழில் ஜான் லாசரஸ் 1894-இல் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்ட அகராதியையும், எர்மன் ஜென்சன் 1897-இல் பொருள்வகையால் பகுக்கப்பட்ட தொகுப்பையும் தந்தனர்.

இவற்றின் பயன் பெரிது. இவை இல்லையேல், பின்வரும் பகுதியில் எழும் வினாக்களுக்கு விடை காண இயலாது. எனினும் இத்தொகுப்புகள் பழமொழியின் இயல்பை ஒருவகையில் மாற்றின. பேச்சில் ஒரு பழமொழி முன்பின் கூற்றுகளுக்கிடையே வருகிறது. தொகுப்பில் அது வரிசை எண்ணுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையே நிற்கிறது. பெர்சிவலும் லாசரசும் கையாண்ட அகரநிரல் முறை, சூழலை நீக்கினாலும் பொருளைக் கட்டுப்படுத்தவில்லை. ஜென்சனின் பொருட்பகுப்பு முறை, ஒவ்வொரு பழமொழியையும் ஒரு தலைப்பின்கீழ் வைக்கும் கட்டாயத்தை உண்டாக்கியது. தலைப்பே நீதியாக வாசிக்கப்பட்டது.

தொகுத்தவர்களுள் பலர் சமயப் பணியாளர்கள். மக்களிடம் பேசுவதற்கு அவர்களின் மொழி மரபை அறிதல் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பெர்சிவல் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர்; அப்பணியில் அவருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்றார். திருக்குறளின் முற்பகுதியைத் துரு ஆங்கிலத்தில் பெயர்க்க, எஞ்சியதைப் பெயர்த்தவர் லாசரஸ். நீதிநூல்களைப் பெயர்த்த கைகளே பழமொழிகளையும் பெயர்த்தமையால், இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்னும் எண்ணம் வலுப்பெற்றது இயல்பே.

இதற்கு மாறான நோக்குடையவரும் இருந்தனர். தீனபந்து மித்திரரின் ‘நீல தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லாங் 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் தண்டமும் பெற்றார். அவுரி பயிரிடுமாறு வற்புறுத்தப்பட்ட உழவரின் துன்பத்தைக் கூறும் நாடகம் அது. பின்னர் அவர் வங்காளப் பழமொழித் தொகுப்புகளை வெளியிட்டார். உழவரும் பெண்களும் எதை எண்ணுகின்றனர், எதை எள்ளுகின்றனர் என்பதை அறியும் வழியாகவே அவர் பழமொழியைக் கண்டார். நீதிக் கருவூலமாகக் காண்பதற்கும் குரலாகக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

4. திருத்தங்களின் காலம்

20ஆம் நூற்றாண்டில் தமிழில் ஒரு புதிய போக்குத் தோன்றி வளர்ந்தது. நீதிக்குப் பொருந்தாதனவாகத் தோன்றும் பழமொழிகள் சிதைந்து வழங்குவன என்றும், அவற்றின் ‘உண்மை வடிவம்’ வேறு என்றும் விளக்கும் போக்கு அது. மேடைப்பேச்சு, வார இதழ், தொலைக்காட்சி, கைப்பேசிச் செய்தி என ஊடகம் மாறினும் விளக்கத்தின் அமைப்பு மாறவில்லை. முன்னோர் தீயதையோ அற்பமானதையோ சொல்லியிருக்கமாட்டார். ஆகவே சொல் திரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இவ்விளக்கங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளுதலும் கொள்ளுதலும் முறையன்று. ஒலி, உருபன், தொடர் ஆகிய மூன்று நிலைகளிலும், பழைய பதிவுகளோடும் அண்டை மொழி வழக்கோடும் ஒப்பிட்டும் ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். நான்கு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, ‘அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்’ என்பது. இங்கு அடி என்பது தண்டனையன்று, இறைவன் திருவடி என்பர். ‘அடி’ என்பதற்கு இருபொருளும் உண்டு. ஒலியோ உருபோ எதுவும் மாற்றப்படவில்லை. ஆகவே இது திருத்தமன்று, மற்றொரு வாசிப்பு. குறும்பு செய்த சிறுவனை நோக்கிச் சொல்லும்போது ஒரு பொருளும், அடியார் கூட்டத்தில் சொல்லும்போது மற்றொரு பொருளும் கொள்ளப்படும். ஒன்றை மட்டும் உண்மை என்பதற்கு மொழியியல் இடந்தராது.

இரண்டாவது, ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினாற்போல’ என்பது. குதிரை என்பது ‘குதிர்’ என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை உருபேற்ற வடிவம். ஆற்றிடை மணல்மேட்டைக் குறிக்கும் என்பர். குதிர் + ஐ என்னும் பகுப்பு உருபனியல் அளவில் இயலக்கூடியதே. ஆயினும் குதிர் என்பதற்கு நன்கு வழங்கும் பொருள் நெல் சேமிக்கும் கலம் என்பதாகும். மேலும் மண்ணால் ஆன குதிரையை எவரும் ஆற்றில் நம்பார் என்பதே திருத்தத்துக்குக் கூறப்படும் காரணம். அந்த நகைக்கத்தக்க நிலையே பழமொழியின் உயிர். தெலுங்கில் நாயின் வாலைப் பிடித்துக்கொண்டு கோதாவரியை நீந்தியதுபோல என்னும் வழக்கு உள்ளது. உதவாத துணையோடு ஆற்றைக் கடத்தல் என்னும் உருவகம் பொதுவானது. ஐயனார் கோயில்களில் மண்குதிரைகள் நிற்கும் நாட்டில் அவ்வுருவகம் குதிரையைத் தேர்ந்தது வியப்பன்று.

மூன்றாவது, ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது. ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதே சரி என்பர். இதற்கு இரண்டு மாற்றங்கள் ஒருங்கே தேவை: வேர் என்பது பேர் எனவும், கொண்டவன் என்பது கொன்றவன் எனவும் திரிந்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் கொன்றவன் ‘கொன்னவன்’ என்றும், கொண்டவன் ‘கொண்டவன்’ என்றுமே ஒலிக்கின்றன. இவை தம்முள் மயங்குவதில்லை. பெர்சிவலின் தொகுப்பும் கொல்லுதல் என்னும் பொருளிலேயே இதனைப் பெயர்த்துள்ளது. வடமொழியில் நூறு கொன்றவன் வைத்தியன், ஆயிரம் கொன்றவன் சிகிச்சகன் என்னும் பொருளில் ‘சதமாரி’, ‘சஹஸ்ரமாரி’ என்று வழங்கும் கூற்று வங்கம் முதலிய பகுதிகளிலும் அறியப்பட்டது. அங்கே கொல்லப்படுவது எது என்று வெளிப்படையாகக் கூறப்படவில்லை. இரசநூல்களில் ‘மாரணம்’ என்பது உலோகத்தைப் புடமிட்டுப் பற்பமாக்குதலைக் குறிக்கும் கலைச்சொல் ஆதலின், அதற்கும் ஒரு தூய விளக்கம் தர இடமுண்டு. தமிழ் வழக்கோ ‘பேரை’ என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. அன்றியும், ஆயிரம் வேரை அறிந்தவன் ஏன் அரை வைத்தியன் ஆதல் வேண்டும்? ‘அரை’ என்னும் சொல்லின் கூர்மை அங்கதத்தில்தான் பொருந்துகிறது. பயிற்சியற்ற கையால் உயிரிழந்தோரின் சுற்றத்தார் சொன்ன சொல் இது. வேராக மாற்றியவுடன் அவர்களின் முறையீடு மறைந்து, மருத்துவருக்கு ஒரு பாராட்டு மிஞ்சுகிறது.

நான்காவது, ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பது. கழு என்பது ஒருவகைக் கோரை. அதனால் பாய் தைத்தால் கற்பூர மணம் வீசும். ஆகவே ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’ என்பதே மூலம் என்பர். இவ்விளக்கம் தொடரமைப்பு நிலையிலேயே தடுமாறுகிறது. வினா விகுதி கொண்ட தொடரைப் பிறர் கூற்றாக அறிவிக்கும் ‘ஆம்’ கொண்ட தொடராக மாற்றவேண்டியிருக்கிறது. அறிதல் வினைக்கு நான்காம் வேற்றுமை எழுவாய் வரும் திராவிட அமைப்பு அழிகிறது. அண்டை மொழிகளை நோக்கினால் ஐயம் முற்றும் நீங்கும். கன்னடத்தில் ‘கத்தெகேனு கொத்து கஸ்தூரி வாசனெ’ என்பர். தெலுங்கில் கழுதைக்குச் சந்தன மணம் என்ன தெரியும் என்னும் பொருளில் ‘காடித’, ‘கந்தம்’ என்னும் சொற்கள் இணைகின்றன. மூன்று மொழிகளிலும் கழுதை மாறவில்லை, நான்காம் வேற்றுமை மாறவில்லை, வினா மாறவில்லை. நறுமணப் பொருள் மட்டும் மாறுகிறது. கழுதை–கற்பூரம், கத்தெ–கஸ்தூரி, காடித–கந்தம் என மோனையே அதைத் தேர்ந்தெடுத்துள்ளது. இந்தியில் குரங்குக்கு இஞ்சியின் சுவை தெரியுமா என்பர். அங்கே ‘பந்தர்’, ‘அத்ரக்’ என்னும் ஒலியியைபு விலங்கையும் பொருளையும் சேர்த்தே மாற்றியுள்ளது.

இந்தக் கழுதையின் வரலாறு நீதியைப் பற்றியும் ஒன்று கற்பிக்கிறது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில், சந்தனச் சுமையைச் சுமக்கும் கழுதை பாரத்தை அறியுமேயன்றிச் சந்தனத்தை அறியாது என்னும் உவமை வருகிறது. பல நூல்களைக் கற்றும் பொருளுணராதவனுக்கு அது உவமை. அங்கே இகழப்படுபவன் கற்றவன். இன்று தமிழில் அதே உருவகம் கல்லாதவனை, சில வேளைகளில் எளியவனை, இகழப் பயன்படுகிறது. உருவகம் ஏறத்தாழ ஒன்றே. இலக்கு இடம் மாறியிருக்கிறது. நீதி தொடருக்குள் நிலையாக உறைவதாயின் இம்மாற்றத்துக்கு விளக்கம் இல்லை.

5. எவர் குரல்?

ஆர்வா, டண்டஸ் ஆகிய இருவரும் 1964-இல் எழுதிய கட்டுரையில், பழமொழியை மட்டும் பதிவு செய்தல் போதாது. யார், யாரிடம், எப்போது சொல்லலாம் என்னும் விதிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினர். பார்பரா கிர்சன்பிளாட்-கிம்பிளட் 1973-இல், ஒரே பழமொழி சூழலுக்கேற்ப வெவ்வேறு மதிப்பீடுகளைத் தாங்கும் என்பதை நிறுவினார். தொல்காப்பியர் ‘ஏது’ என்று சொன்னதன் அருகில் இக்கருத்துகள் வந்து நிற்பதைக் காணலாம்.

‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். தொகுப்பில் இதைத் தனியே காணும் வெளியார், மருமகளைக் கண்டிக்கும் மரபு எனக் கொள்ளலாம். வழக்கிலோ இது பெரும்பாலும் மருமகள் பக்கத்திலிருந்து எழும் குரல். ஒரே பிழைக்கு ஆளுக்கொரு தண்டனை என்பதை எதிர்த்துச் சொல்லப்படுவது. அலுவலகத்தில் மேலதிகாரியின் பிழையும் எழுத்தரின் பிழையும் வெவ்வேறாக நடத்தப்படும்போது ஆண்களும் இதையே சொல்கின்றனர். அங்கே மாமியாரும் இல்லை, குடமும் இல்லை; முறையீடு மட்டும் மாறாமல் இருக்கிறது.

சாதிகளையும் பெண்களையும் இழித்துரைக்கும் பழமொழிகள் எல்லா இந்திய மொழிகளிலும் உள்ளன. பழைய தொகுப்புகளில் அவை நிரம்பக் காணப்படுகின்றன. இவற்றுக்கும் ‘உண்மைப் பொருள்’ கண்டு தூய்மை செய்யும் முயற்சி உண்டு. நல்லெண்ணத்தால் செய்யப்படினும் அதன் விளைவு நல்லதன்று. இழிவுபடுத்தப்பட்டவர் கேட்ட சொல் அதுவன்று என்று நாம் அவரிடமே சொல்பவர் ஆகிறோம். பழமொழி முன்னோரின் நீதி என்னும் முற்கோளை விட்டுவிட்டால், இத்தகைய பழமொழிகளைப் போற்றவும் வேண்டா, திருத்தவும் வேண்டா, சான்றாகக் கொள்ளலாம். எவர் எவரை எச்சொல்லால் அடக்கினர் என்பதற்கான சான்று அது.

6. மொழிபெயர்ப்பாளருக்கு

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்புக்குச் சில நடைமுறைக் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கதையிலோ நாடகத்திலோ வரும் பழமொழியைப் பெயர்க்கும்போது, அகராதி தரும் நீதியைப் பெயர்க்காமல் அவ்விடத்தில் அது செய்யும் செயலைக் கண்டறிதல் வேண்டும். கண்டித்தல், தேற்றுதல், மறுத்தல், நழுவுதல் எனப் பழமொழியின் செயல்கள் பல. நிகர்ப் பழமொழி கிடைப்பினும் செயல் ஒவ்வாதாயின் அதை விலக்குவதே நன்று.

இரண்டாவதாக, இந்திய மொழிகளுக்கிடையே பெயர்ப்போர் உருவகத்தை இயன்றவரை காக்கலாம். கஸ்தூரியைக் கற்பூரமாக்குவது இழப்பன்று. மோனையைத் தருவதால் ஆதாயமே. ஆனால் ஆங்கிலம் வழியாகக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு வரும்போது கழுதையே காணாமற்போய், தகுதியற்றவன் அருமை அறியான் என்னும் வறண்ட நீதி மட்டும் எஞ்சுவதுண்டு.

மூன்றாவதாக, திருத்தப்பட்ட வடிவங்களை மூலமாகக் கொள்ளுமுன் பழைய தொகுப்புகளை நோக்குதல் வேண்டும். பெர்சிவல், லாசரஸ், ஜென்சன் ஆகியோரின் நூல்களும், பின்னர் கி. வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகத் திரட்டிய தமிழ்ப் பழமொழிகளும் இதற்குத் துணையாவன. திருத்த வடிவங்களும் ஆய்வுக்குரியவையே. ஒரு காலத்தின் மக்கள் தம் முன்னோரை எவ்வாறு எண்ண விரும்பினர் என்பதை அவை காட்டுகின்றன. அவற்றை 20ஆம் நூற்றாண்டின் ஆக்கங்களாகவே குறித்தல் வேண்டும்.

நான்காவதாக, களப்பணியில் பழமொழி சேகரிப்போர் தொடரோடு நிறுத்திவிடாமல், சொன்னவர், கேட்டவர், அவர்தம் உறவு, சொல்லத் தூண்டிய நிகழ்ச்சி, கேட்டவரின் மறுமொழி ஆகிய ஐந்தையும் குறித்தல் நலம். மறுமொழி சிறப்பாகக் கருதத்தக்கது. பழமொழிக்கு எதிராகப் பழமொழி சொல்லப்படும் இடங்களில்தான் ஒரு சமூகம் தன் அறத்தை எவ்வாறு வாதிடுகிறது என்பது புலப்படும். பதறாதே என்றவருக்குக் கஞ்சி ஆறுகிறது என்று விடையிறுத்தவர் யார், அதன்பின் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு, பொருள் விளங்காமல் நிற்கும் நூறு தொடர்களை விடப் பயன் தரும். இந்திய மொழிகளுக்கான பழமொழித் தொகுப்புகள் இனி இவ்வடிவில் அமைதல் வேண்டும். பழமொழியைச் சொல்லி வளர்ந்த முதியோர் நம்மிடையே உள்ள காலத்திலேயே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.